வறண்ட நிலத்தில் கட்டடம் பெருகினால் வெள்ளம் அதிகரிக்காதா?

ஒருவர், 'மழை குறைந்த பகுதியில் ஊர் விரிந்தாலும் வெள்ளம் அதிகரிக்காது, காய்ந்த மண் எல்லாத் தண்ணீரையும் குடித்துவிடும்' என்று எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். நண்பரே, மண் குடிக்கும் என்பது ஓரளவு சரி (மேற்பரப்பு இறுகிப்போன மண் அதுவும் செய்யாது). ஆனால் தாரும் கான்கிரீட்டும் மூடிய பிறகு குடிக்க மண் எங்கே?

நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்க மண்வளப் பாதுகாப்புத் துறை 1950-களில் உருவாக்கிய 'வளைவு எண்' (curve number) முறை போதும்; பெய்த மழையில் எவ்வளவு நிலத்தின் மேல் ஓடும் என்று மதிப்பிடும் முறை இது, கால்குலேட்டர் இருந்தால் ஐந்து நிமிட வேலை. நிலத்துக்குரிய எண் அந்த முறையின் அட்டவணையில் இருக்கும். 25400-ஐ அந்த எண்ணால் வகுத்து 254-ஐக் கழியுங்கள். மண் பிடித்துவைக்கக்கூடிய அளவு மில்லிமீட்டரில் வரும். அதில் ஐந்தில் ஒரு பங்கை மழையளவிலிருந்து கழித்து, விடையை அதாலேயே பெருக்குங்கள். மழையளவோடு பிடிப்பளவின் 0.8 பங்கைக் கூட்டி, வந்த தொகையால் வகுத்தால் ஓடும் நீர் கிடைக்கும்.

50 மி.மீ. மழைக்கு, புதர்க்காடு போன்ற நிலத்தின் எண் 70 என்றால் ஓடுவது சுமார் 6 மி.மீ. வீடும் சாலையும் நெருங்கி எண் 90 ஆனால் 27 மி.மீ. மழை ஒரு சொட்டுகூடக் கூடவில்லை, ஓடும் நீர் நான்கு மடங்குக்கும் மேல்! 150 மி.மீ. மழையில் அதே வித்தியாசம் இரண்டு மடங்கைத் தொடாது, ஏனென்றால் அப்போது மண்ணும் நிரம்பி வழிகிறது. ஆக, சிறு, நடுத்தர மழைகளே பெரும்பாலும் பெய்யும் வறண்ட பகுதியில்தான் கட்டடங்களின் விளைவு பளிச்சென்று தெரியும்.