மதகை மூடியது காலநிலை அல்ல

வன்னியில் வெள்ளம் புகுந்த வளவு ஒன்றில் எடுத்த அந்தக் காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே பலர் அனுப்பிவிட்டார்கள், சிலர் சிரிக்கும் முகக்குறியோடு. முழங்காலளவு தண்ணீருக்குள் நின்றுகொண்டு அந்த அம்மா கேட்கிறார்: "இந்த மழைக்கு ஏன் ஐயா எங்கள் வளவுக்குள் வெள்ளம்?" சப்பாத்து நனையாத இடம் பார்த்து வீதியில் நின்ற அதிகாரி பதில் சொல்கிறார்: "இது காலநிலை மாற்றம் அம்மா. உலகம் முழுவதும் இப்படித்தான்."

உலகம் முழுவதும் எப்படியோ, அந்த ஒழுங்கை எனக்குத் தெரியும். அங்கே முன்பு வீதிக்குக் கீழால் தண்ணீர் ஓட ஒரு மதகு இருந்தது. காபெட் வீதி, அதாவது தார் வீதி, போட்டபோது வீதியை உயர்த்தினார்கள். மதகை எடுத்துவிட்டு ஒரு கொங்கிறீட் குழாயைப் புதைத்தார்கள். இன்று அந்தக் குழாய்க்குள் மண்ணும் சோடாப் போத்தல்களும்தான் இருக்கின்றன. வீதி குளக்கட்டாகிவிட்டது, வளவுகள் குளமாகிவிட்டன. இதற்குள் காலநிலையை ஏன் இழுக்கிறீர்கள்?

அன்று பெய்தது புயல் மழை அல்ல. வங்கக் கடலில் தாழமுக்கம் எதுவும் இல்லை. ஏப்ரலில் சூரியன் நமக்கு நேர் உச்சிக்கு வருகிறது, காலையிலேயே நிலம் கொதிக்கத் தொடங்கிவிடும். முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஒரு கடற்காற்று, மன்னார்ப் பக்கமிருந்து இன்னொன்று. இரண்டும் உள்நிலத்தில் முட்டும்போது மேகம் கோபுரமாக எழும்பி, மத்தியானம் திரும்பியதும் இடித்துக் கொட்டும். ஒரு மணித்தியாலம், கூடினால் இரண்டு. மாங்குளத்தில் கொட்டும்போது பக்கத்து ஊரில் புழுதி பறக்கும். எந்தக் கிராமத்தில் விழும் என்று காலையில் யாராலும் சொல்ல முடியாது, அதற்காக வானிலை அறிவிப்பவர்களை நான் திட்டப்போவதில்லை. ஆனால் விழுந்த தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியும். அதற்குச் செய்மதி வேண்டாம். அந்த அம்மாவைக் கேட்டிருந்தாலே போதும்.

இப்போது வருவார்கள், "அப்படியானால் விஞ்ஞானத்தை மறுக்கிறீர்களா?" என்று. மறுக்கவில்லை. காற்று ஒரு பாகை சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும், ஆகவே கொட்டும்போது கூடுதலாகக் கொட்டும் என்று நானும் படித்திருக்கிறேன். 2022 டிசம்பரில், மாண்டஸ் புயலின்போது, குளிரில் விறைத்து வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்ததை மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் செய்துவிட்டுப் போனதை வன்னியில் இருப்பவனுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. காலபோக (மாரிகால நெல்) அறுவடை நேரத்தில் மழை பிடித்து, நெல் கதிரிலேயே முளைப்பதையும் பார்க்கிறோம். சரி, வானம் மாறிவிட்டது. மாறிய வானத்துக்கு மதகு பெரிதாக வேண்டுமா, சிறிதாக வேண்டுமா? கூட்டத்துக்குக் கூட்டம் காலநிலை மாற்றம் என்று பேசிக்கொண்டே, ஆள் குனிந்து நுழையக்கூடிய மதகை வாளி நுழையாத குழாயாக்கியவர்கள் யார்?

2008 நவம்பர் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. நிஷா புயல் நேரம். இடம்பெயர்ந்து தருமபுரத்துக்கு அப்பால் ஒரு காட்டோரத்தில் தறப்பாள் கட்டப் போனோம். எல்லோரும் வெட்டையான இடத்தைப் பிடிக்க ஓடினார்கள். அப்பா ஓடவில்லை. புல் எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது, மர அடிகளில் பழைய சேற்றுக்கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார். "அதால் வரவு போகிறது", அதாவது வெள்ளம் அந்த வழியால்தான் வரும் என்று சொல்லிவிட்டு, கல்லும் வேருமாகக் கிடந்த ஒரு மேட்டைத் துப்புரவாக்கத் தொடங்கினார். அம்மா அவரைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. மழை விழுந்த இரவு, வெட்டையில் இருந்த சனம் சட்டி பானையோடு எங்கள் மேட்டுக்குத்தான் ஏறி வந்தது. அப்பா படித்தது ஐந்தாம் வகுப்பு. ஷெல் சத்தத்துக்கு நடுவிலும் தண்ணீரின் வழியைப் பார்க்க அவருக்கு நேரம் இருந்தது. சண்டை ஓய்ந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு, வரைபடமும் வாகனமும் வைத்திருப்பவர்களுக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை.

வன்னியில் ஒரு குளம் நிரம்பி வழியும் வான்தான் அடுத்த குளத்தின் வரவு. வவுனியாப் பக்கத்து மழை கனகராயன் ஆற்றால் இரணைமடுக் குளத்துக்கு வந்து, மிஞ்சினால் சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போகிறது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடு வான் கதவுகளை எப்போது திறந்திருக்க வேண்டும் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை, அது பெரியவர்கள் விவகாரம். நான் கேட்பது ஒரு மதகை.

"வாய்க்கால் கரையில் ஏன் வீடு கட்டினார்கள்?" என்று காணொளியைப் பார்த்த ஒருவர் கேட்டிருந்தார். இதைத்தான் தாங்க முடியவில்லை. மீள்குடியேற்றத்தின்போது காணியை அளந்து கல் நாட்டிக் கொடுத்தது யார்? அத்திவாரத்துக்கு ஒரு கட்டம், சுவருக்கு ஒரு கட்டம் என்று வீட்டுத்திட்டப் பணத்தை விடுவித்தது யார்? ஒவ்வொரு கட்டத்துக்கும் வந்து படம் எடுத்தார்களே, அந்தப் படங்களில் வாய்க்கால் விழவில்லையா? சிலர் அத்துமீறிப் பிடித்திருக்கிறார்கள், ஆம். அதை இன்னொரு நாள் பேசலாம்.

பாரிஸில் இருந்து ஒரு அண்ணை, "இளைஞர்கள் சேர்ந்து சிரமதானம் செய்யலாமே" என்கிறார். செய்யலாம் அண்ணை. காபெட் வீதியை மண்வெட்டியால் வெட்டினால் பொலிஸ் பிடிக்கும், பிணை எடுக்க நீங்கள் வருவீர்களா?

அதிகாரிகளும் மனிதர்கள்தான், ஆள் பற்றாக்குறையும் உண்டு. தெரியும். ஒரு குழாயைத் தூர்வார எத்தனை பேர் வேண்டும்?

உண்மையைச் சொன்னால், என்னைச் சுட்டது வெள்ளம்கூட இல்லை. அந்த "அம்மா" என்ற விளிப்பில் இருந்த தொனி. ஊர் ஊராக இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, பற்றைக்காடாகிக் கிடந்த வளவைத் தன் கையாலேயே வெட்டித் துப்புரவாக்கிய மனிசிக்கு, நனைந்த நெல் மூட்டைக்குப் பக்கத்தில் வைத்து உலக வெப்பமாதல் வகுப்பு எடுக்கிறார்கள். குளம் வற்றினால் காலநிலை, வான் பாய்ந்தால் காலநிலை, நாளைக்குக் குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசுக் கதவு துருப்பிடித்து இறுகினாலும் காலநிலைதான். எங்கள் கேள்விக்கு மட்டும் எப்போதும் உலகம் முழுவதற்குமான பதில்.

மதகு பற்றி அந்தச் சனம் முன்பே மனுக் கொடுத்திருக்கிறது. ஆதாரமாக அதன் பிரதியைப் போடச் சொல்லி நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். போடமாட்டேன். அதில் பெயரும் கையெழுத்தும் இருக்கின்றன. வெள்ள நிவாரணப் பட்டியலுக்கும், சிறுபோக உர மானியத்துக்கும், வதிவிடக் கடிதத்துக்கும் அவர்கள் அதே மேசைகளுக்கு முன்னால்தான் போய் நிற்க வேண்டும்.