ஈடன் கார்டன் கலவரம் இந்தியாவின் வெற்றியைப் பறிக்கவில்லை

“1996 உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியா வெல்லும் நிலையில் இருந்தது, கொல்கத்தா ரசிகர்களின் கலவரத்தால் இலங்கைக்கு வெற்றி இலவசமாகக் கிடைத்தது” என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. இது தவறு.

மார்ச் 13 அன்று கொல்கத்தாவின் ஈடன் கார்டன் மைதானத்தில் இலங்கை 251 ரன் எடுத்தது. இந்தியா 1 விக்கெட்டுக்கு 98 ரன் வரை நன்றாகவே ஆடியது. 65 ரன் எடுத்த சச்சின், ஜெயசூரியாவின் பந்தில் ஸ்டம்பிங் ஆனதும் அடுத்தடுத்து விக்கெட்டுகள் சரிந்தன. 34.1 ஓவரில் 120 ரன்னுக்கு 8 விக்கெட். இரண்டே விக்கெட் கையில் இருக்க, இன்னும் 132 ரன் தேவை.

பாட்டில்கள் பறந்ததும் இருக்கைகள் எரிந்ததும் இந்தச் சரிவைப் பார்த்த ஆத்திரத்தில்தான். போட்டி நடுவர் (மேட்ச் ரெஃப்ரி) கிளைவ் லாயிட் வீரர்களை வெளியேற்றி, சற்று நேரம் கழித்து ஆட்டத்தைத் தொடர முயன்றார். கூட்டம் அடங்காததால்தான் இலங்கை வென்றதாக அறிவித்தார். இந்திய பேட்ஸ்மேன் வினோத் காம்ப்ளி அழுதபடி வெளியேறிய காட்சியை யாரும் மறந்திருக்க முடியாது.

கிரிக்இன்ஃபோ தளத்தில் இந்த ஆட்டத்தின் ஸ்கோர் அட்டை இருக்கிறது. ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். இலங்கை வீரர் அரவிந்த டி சில்வாவின் 66 ரன்னையும் அதில் பாருங்கள். நான்கு நாள் கழித்து லாகூரில் கோப்பையை வென்ற அணி இலங்கை. அவர்கள் உழைப்பை இலவசம் என்பது அநியாயம். இந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து பகிராதீர்கள்.