காய்ச்சினா எல்லாம் சரியாப் போயிடுமோ?

வெள்ளவத்தையில "ஊர்ப் பசும்பால்" எண்டு சொன்னாக் காணும், சனம் கண்ணை மூடிக்கொண்டு வாங்குது. எங்கட ஒழுங்கைக்கும் காலமை மோட்டார் சைக்கிளில பால் வருது. சோடாப் போத்தலுக்குள்ள! லேபல் பாதி உரிஞ்சு தொங்குது, மூடியின்ர புரிக்குள்ள பழைய பால் மஞ்சளாக் காய்ஞ்சு ஒட்டிக் கிடக்கு. எத்தனை மணிக்குக் கறந்தது எண்டு கேட்டா, "அக்கா, இவ்வளவு காலமும் குடிச்ச ஆக்களுக்கு ஒண்டும் நடக்கேல்லை, விருப்பமெண்டா வாங்குங்கோ" எண்டு முறைக்கிறார். காசு குடுக்கிறவள் கேட்கவும் கூடாதோ?

கறந்த பாலைச் சுணக்காம 4 பாகைக்குக் குளிராக்க வேணும். இங்க எண்டா, கொழும்பு வெக்கையில, காலி வீதி நெரிசலில, ஒரு ஐஸ்கட்டியும் இல்லாம ஆடி ஆடி வருது. ஈகோலை மாதிரிக் கிருமி தோதான சூட்டில 20 நிமிசத்துக்கு ஒருக்கா ரெண்டு மடங்காகும். ஒண்டு, மூண்டு மணித்தியாலத்தில ஐந்நூறைத் தாண்டும்.

எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "காய்ச்சித்தானே குடிக்கிறம்." காய்ச்சினா சல்மொனெல்லா, லிஸ்டீரியா, புருசெல்லா எல்லாம் சாகும், ஓம். ஆனா ஸ்டபிலோகொக்கஸ் எண்ட கிருமி பாலுக்குள்ள விட்டுட்டுப் போற நஞ்சு கொதிக்க வைச்சாலும் அழியாது. கிருமி செத்த பிறகும் சத்தி எடுக்கும், வயித்தாலை போகும். சரி, அதையும் விடுங்கோ. ஈயத்தை என்ன செய்யப் போறியள்? எவ்வளவு காய்ச்சினாலும் அது ஆவியாப் போகாது. பால் வத்த வத்தச் செறிவுதான் கூடும்.

பாலில ஈயம் எப்படி வரும் எண்டு என்னட்டையே கேட்கினம்! ரோட்டில நிக்கிற மாடுகளை ஒருத்தரும் பார்க்கேல்லையோ? குப்பையைப் பொலித்தீனோட மேயுது, கான் தண்ணியைக் குடிக்குது. ஈயம் கலந்த பெற்றோலை 2002 இல நிப்பாட்டினது உண்மைதான், அதுக்கு முதல் வீதியோரத்தில படிஞ்சது மண்ணை விட்டு எங்க போகும்? அந்த மண்ணில முளைச்ச புல்லைத் திண்ட மாட்டின்ர பால்தான் இந்தப் போத்தலுக்குள்ள இருக்கோ, ஆருக்குத் தெரியும்? பாலில ஈயம் கிலோவுக்கு 0.02 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது எண்டு சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கிற கோடெக்ஸ் சொல்லுது. பாதுகாப்பான அளவு எண்டு ஒண்டுமே அறியப்படேல்லை எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. சின்னப் பிள்ளையளின்ர மூளையைத்தான் அது முதல் தாக்கும். நாங்களோ தண்ணி கலந்திருக்கோ எண்டு மட்டும் பார்த்திட்டு அடுப்பில வைக்கிறம்.

2013 இல நியூசிலாந்துப் பால்மாவில டிசிடி (DCD) எண்ட, மேய்ச்சல் நிலத்துக்குப் போடுற இரசாயனம் இருக்கு எண்டவுடன நாடே கொந்தளிச்சது. மாப்பெட்டியளைக் கடையில இருந்து எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. வாசலுக்கு வாற பாலுக்கு மட்டும் ஒரு கேள்வியும் இல்லையோ? 1980 ஆம் ஆண்டு 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் கடைக்கு மட்டும் எழுதினதில்லை. நான் சுகாதார அலுவலகத்துக்கு போன் எடுத்தா, "வீதியில விக்கிறவரை எங்க தேடுறது மிஸ்" எண்டு வைச்சிட்டினம். தேட வேணுமாம்! அந்த மனுசன் ஒளிச்சா விக்கிறார்? விடியக் காலமை ஹோர்ன் அடிச்சு எங்களையெல்லாம் எழுப்பிக்கொண்டெல்லோ வாறார்!

அதிகாரியளே, ஒரு நாள் விடிய வந்து ஒழுங்கை முனையில நில்லுங்கோ. ரெண்டு போத்தலை எடுத்துக்கொண்டு போய்ச் சோதிச்சு, கிருமி எவ்வளவு, ஈயம் எவ்வளவு எண்டு வாங்கிற எங்களுக்குச் சொல்லுங்கோ. கறக்கிற இடத்தில குளிராக்க வசதியில்லாட்டி அதைச் செய்து குடுங்கோ. அந்த ஏழை மாட்டுக்காரரைப் பிடிச்சு உள்ள போடச் சொல்லி நான் கேட்கேல்லை, என்ர பிள்ளைக்கு நான் எதைப் பருக்கிறன் எண்டுதான் கேட்கிறன்.