காற்று கிளம்ப முதல் பேசி முடிக்க வேண்டிய விடயங்கள்

வங்கக் கடலில் தாழமுக்கம் என்று அறிவித்தல் வந்தால் போதும், திருகோணமலையில் பறவை வளர்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் நிரம்பி வழியும். "கவனமா இருங்கோ", "பிள்ளையள் பத்திரம்", கைகூப்பிய படங்கள். எல்லாம் மனதார எழுதுவதுதான். ஆனால் கடற்கரையோரத் திருக்கடலூரில் தகரக் கூரைக்குக் கீழே பன்னிரண்டு சோடி லவ் பேர்ட்ஸ் வைத்திருப்பவருக்கு அப்போது தேவைப்படுவது மேட்டிலுள்ள உவர்மலையில் ஒரு காலி அறை. அது காற்று கிளம்பிய பிறகு கேட்டுக் கிடைக்கிற பொருள் இல்லை.

ஆகவே ஐப்பசி பிறக்க முதலே குழுவில் வீடுகளைச் சோடி சேர்த்துவிட வேண்டும். கடற்கரையிலும் பள்ளத்திலும் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் மேட்டில், கொங்கிரீட் கூரையுள்ள ஒரு வீடு. எத்தனை பறவை, என்ன இனம், யார் ஓட்டோ கொண்டு வருவது, தீனி யாருடையது, இவை நான்கும் எழுத்தில் இருக்கட்டும். கிண்ணியா, மூதூர், வெருகல் ஆட்களுக்கு இன்னும் முந்தியே ஏற்பாடு வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது மூதூர், வெருகல் பக்கத்தைக் கெடுத்தது காற்றை விட வெள்ளம்தான். வெள்ளம் வந்தால் பாதை போய்விடும். எச்சரிக்கை வந்த அன்று பகலிலேயே ஏற்றிவிடுங்கள். இருட்டில் புறாவைப் பிடிக்கப் போனால் அது கண்மண் தெரியாமல் மதிலில் மோதும்.

ஏற்றுவதற்குச் சப்பாத்துப் பெட்டி நல்லது. ஒரே கூட்டில் பழகிய இரண்டு லவ் பேர்ட்ஸுக்கு ஒரு பெட்டி. பக்கங்களின் மேல் பாதியில் பென்சில் பருமனில் பத்துப் பன்னிரண்டு துளை. அடியில் வெறும் பத்திரிகைத் தாள் போட்டால் கால் வழுக்கும், பழைய துவாய்த் துண்டு விரியுங்கள். உள்ளே தண்ணீர்க் கிண்ணம் வைக்கவே கூடாது, முதல் குலுக்கலிலேயே கவிழ்ந்து பறவை நனைந்துவிடும். வெள்ளரித் துண்டு ஒன்று போதும். பெட்டி மேலே வீட்டுக்காரர் பெயரும் எண்ணிக்கையும் எழுதி ஒட்டுங்கள். தீனிக் கணக்கும் லேசானதுதான்: ஒரு லவ் பேர்டுக்குச் சிந்தல் சேர்த்து நாளுக்கு 10 கிராம், ஆக 24 பறவைக்கு ஐந்து நாளுக்கு 1.2 கிலோ தினையும் சாமையும். புறாவுக்கு நாளுக்கு 40 கிராம். இறுக்கமான மூடியுள்ள போத்தலில் அடைத்துக் கூடவே அனுப்புங்கள்.

வெளிக்கூட்டை விட்டு நகர்த்தவே முடியாதவர்கள் படங்கு (தார்ப்பாய்) கட்டும்போது ஒரு பிழை விடுவதுண்டு. கடல் கிழக்கே என்பதால் கிழக்குப் பக்கம் மட்டும் இறுக்கிக் கட்டுகிறார்கள். நமது பகுதியில் சூறாவளிக் காற்று மையத்தைச் சுற்றி இடஞ்சுழியாகச் சுழலும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி சூறாவளி நகரத்துக்கு வடக்கே, குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையில் கரை ஏறியது. மையம் நகரத்துக்கு வடக்கே போனால் நகரத்துக்குக் காற்று முதலில் வடமேற்கிலிருந்து வரும், பிறகு கச்சானாக மேற்கிலிருந்து, கடைசியில் சோளகமாகத் தெற்குப் பக்கம் திரும்பும். கிழக்கே கட்டிய படங்கு அந்தக் காற்றுக்குப் பாய்மரம். 1978 நவம்பர் சூறாவளி போல மையம் மட்டக்களப்புப் பக்கம் ஏறினால்தான் நமக்குக் கிழக்கிலிருந்து கொண்டல் அடிக்கும். ஆகவே மையம் எங்கே ஏறும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் சொல்வதைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். காற்று மறைவுப் பக்கம் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். முழுக்க மூடினால் உள்ளே மூச்சு முட்டும், படங்கும் பலூன் போல் ஊதிக் கிழியும். கூரைத் தகரத்துக்கு ஆணியை நம்ப வேண்டாம், காற்று கீழிருந்து தூக்கும்போது ஆணி கழன்றுவிடும். கயிற்றை மேலே குறுக்காகப் போட்டு இரு பக்கமும் மணல் மூட்டையில் கட்டுவதுதான் நிற்கும்.

இடம் கொடுக்கிற வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நல்ல மனதுடன் நாலு வீட்டுப் பறவைகளை ஒரே அறையில் சேர்ப்பதுதான் புயலை விடப் பெரிய ஆபத்து. ராணிக்கெட் என்கிற கோழிக் கழிச்சல் நோய் எச்சத்தாலும் மூச்சாலும் பரவும். புறாக்களின் தொண்டைப் புண் பொதுத் தண்ணீர்க் கிண்ணத்தால் பரவும். அம்மையை நுளம்பு காவும், மழைக்குப் பிறகு நுளம்புக்கா குறைச்சல். எனவே வந்த பறவைக்குத் தனி அறை, முடியாவிட்டால் வேறு மூலை, இடையில் படுக்கை விரிப்பு. கிண்ணம் மாறவே கூடாது. உங்கள் பறவைக்கு முதலில் தீனி வையுங்கள், வந்தவற்றுக்குக் கடைசியில், பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். மூக்கு ஒழுகும், வால் துடிக்கும் பறவையை "பாவம், இதையும் வையுங்கோ" என்று யாராவது தந்தால் அதற்கு வேறு வீடு பாருங்கள். அப்படி மறுக்கிறவரைக் குழுவில் யாரும் குறை சொல்லக் கூடாது.

மின்சாரம் போனதும் மண்ணெண்ணெய் விளக்கு, நுளம்புச் சுருள், சில வீடுகளில் கரி அடுப்பு. பறவையின் நுரையீரலோடு காற்றுப் பைகளும் உண்டு, உள்ளே போகும் காற்றை நம்மை விட முழுமையாக அது பயன்படுத்தும். நஞ்சுக்கும் அதே கதி. நமக்குக் கண் எரிகிற அளவுப் புகை அதற்கு உயிர்ப் பிரச்சினை. பறவை அறையில் பற்றரி விளக்கு மட்டும். அதுவும் இரவு முழுக்க மங்கலாக எரியட்டும், ஏனென்றால் கொக்கடைல் இருட்டில் மின்னலுக்கு வெருண்டு கூட்டில் அடித்துக்கொள்ளும். வளரும் இறகு முறிந்து இரத்தம் கசிந்தால் சோள மாவை வைத்து இரண்டு நிமிடம் மெதுவாக அழுத்துங்கள். 90 கிராம் பறவைக்கு உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே ஏறத்தாழ 9 மில்லிலீற்றர். இருபது துளி போனால் 1 மில்லிலீற்றர். அதற்கு மேலும் நிற்காமல் கசிந்தால் வைத்தியரிடம் கொண்டு போகத்தான் வேண்டும்.

நனைந்த லவ் பேர்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். இறகு திரித்திரியாக ஒட்டி, நெஞ்சில் இளஞ்சிவப்புத் தோல் தெரியும். கண் பாதி மூடியிருக்கும். கால் உங்கள் விரலுக்குச் சில்லென்று இருக்கும். 41 பாகை அளவில் இருக்க வேண்டிய உடம்பு அது. அந்த நேரம் பாலோ சீனித் தண்ணீரோ வாயில் ஊற்றுவதுதான் கொல்கிறது. மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னால்தான் திறந்திருக்கிறது, ஊற்றினால் நேரே அங்கே போகும். முதலில் ஒற்றித் துடையுங்கள், தேய்க்க வேண்டாம். பெட்டியில் துவாய் விரித்து, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். மற்றப் பக்கம் வெறுமையாக இருக்கட்டும், சூடு கூடினால் அது தானாக ஒதுங்க வேண்டும். போத்தல் ஆற ஆற மாற்றுங்கள். இறகு காய்ந்து, இரண்டு காலிலும் நின்று, கோதத் தொடங்கினால் மட்டும் தண்ணீர். ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்) இருந்தால் பைக்கற்றில் சொன்ன அளவிலேயே கரைத்துச் சின்ன மூடியில் வையுங்கள், அது தானாகக் குடிக்கட்டும். தீனி அதற்குப் பிறகுதான்.

குழுவில் அன்ரிபயோட்டிக் அளவு எழுதுவதை நிறுத்துங்கள். எடை தெரியாமல், நோய் தெரியாமல் எழுதும் "இரண்டு துளி" எங்கும் பரவி, யாரோ ஒருவரின் சின்னக் குருவிக்குப் போய்ச் சேருகிறது. எச்சத்தை வெள்ளைத் தாளில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒரு படம், பறவை நிற்கும் நிலை ஒரு படம், இரண்டையும் எடுத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் காட்டுங்கள். புயல் இரவில் வீடியோவும் வேண்டாம், குரல் பதிவும் வேண்டாம். ஊர், எண்ணிக்கை, தேவை என்று ஒரு வரி எழுதுங்கள். ஒருவர் அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டே வரட்டும், சிக்னல் போன பிறகு அந்தக் கொப்பிதான் மிஞ்சும்.

சூறாவளி மறுநாள் காட்டுப் பறவைகளும் வாசலில் கிடக்கும். ஆறுமணிக்குருவி கண்ணாடியில் மோதி விழும், கடற்பறவை களைத்து முற்றத்தில் இறங்கும். அதைத் திரும்பக் கடலில் எறியாதீர்கள், உங்கள் கூட்டுக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். மூடிய பெட்டி, இருட்டு, அமைதி. சோறும் பாணும் வேண்டாம். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்தில் அழையுங்கள்.

கூடு திறந்துவிட்டால் தானே பிழைத்துக்கொள்ளும் என்பது லவ் பேர்ட்ஸுக்கும் பின்ச்சுக்கும் பொருந்தாது. கூட்டில் பிறந்த பறவைக்கு இங்கே இரை தேடத் தெரியாது. வெள்ளத்தில் நனைந்த தீனியை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுவதும் அதே மாதிரித்தான், பூஞ்சை காய்ந்தாலும் அதன் நஞ்சு மணியில் இருக்கும். ஒரு மூட்டை நட்டமானாலும் கொட்டிவிடுங்கள்.

கீழே மூன்றே மூன்று விடயம் எழுதுங்கள்: உங்கள் ஊர், மேடா பள்ளமா, எத்தனை பெட்டிக்கு இடம் உண்டு. வீட்டு விலாசமும் தொலைபேசி எண்ணும் இங்கே போட வேண்டாம், அதை உள்பெட்டியில் பேசிக்கொள்ளலாம்.