வாட்ஸ்அப்பில் தெரியும் பனியும் ஜூன் மாத ஆறும்

மார்ச் வந்தால் போதும், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான்: "ஹூட் மலையில இன்னும் ஸ்னோ இருக்கா, பசங்களைக் கூட்டிட்டுப் போகலாமா?" உடனே யாராவது அந்த மலைமேல் இருக்கும் டிம்பர்லைன் ஸ்கீ தளத்தின் கேமராப் படத்தைப் போடுவார். வெள்ளையாகத் தெரியும். சரி, கிளம்பு! அந்த வெள்ளைக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஜூனில் நாம் கால் நனைக்கப் போகிற ஆறு அதுதான் என்பதால், எனக்கென்னவோ கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்று தோன்றுகிறது.

டிம்பர்லைனுக்குச் சற்றுக் கீழே, சுமார் 5,370 அடி உயரத்தில், அமெரிக்க வேளாண் துறையின் பனி அளக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. உறையாத திரவம் நிரப்பிய அகலமான தட்டைப் பையைத் தரையில் விரித்து வைத்திருப்பார்கள். மேலே பனி விழ விழ, பையின் மீது எடை ஏறும். அந்த அழுத்தத்தை வைத்து, இந்தப் பனி முழுக்க உருகினால் எத்தனை அங்குலத் தண்ணீர் வரும் என்று கணக்கிட்டு இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கிடையாது. பத்து அங்குலப் புதுப் பனியை உருக்கினால் சுமார் ஓர் அங்குலத் தண்ணீர்தான் வரும். அதே பத்து அங்குலம் ஏப்ரலில் இறுகிக் கிடந்தால் நாலைந்து அங்குலம் வரும். கேமராவில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

மலையில் பனி அளக்க வேளாண் துறைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மலைக்கு வடக்கே ஹூட் ரிவர் பள்ளத்தாக்குக்குப் போனால் புரியும். பேரிக்காய்த் தோட்டங்கள், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. இங்கே ஜூலை, ஆகஸ்டில் மழை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. மரங்களுக்குப் பாயும் தண்ணீரில் பெரும்பங்கு மேலே உருகும் பனியிலிருந்தும், எலியட் போன்ற பனியாறுகளிலிருந்தும் (வருடம் முழுக்க மலைமேல் கிடக்கும் பெரும் பனிக்கட்டித் திரள்கள்) இறங்குவது. மலைதான் அவர்களுக்கு மேல்நிலைத் தொட்டி. என்ன, அதில் குழாய் கிடையாது, வெயில்தான் திறந்துவிடும்.

"இந்த வருஷம் நல்ல மழை, அப்புறம் என்ன கவலை?" என்று கேட்கிறவர்களுக்கு 2015-ஐ நினைவூட்ட வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் மழைப்பொழிவு ஒன்றும் மோசமில்லை, ஏறக்குறைய வழக்கம்போலத்தான் பெய்தது. ஆனால் வெப்பம் கூடியிருந்ததால் பனியாக விழ வேண்டியதெல்லாம் மழையாக விழுந்து, விழுந்த கையோடு ஆற்றில் ஓடிக் கடலுக்குப் போய்விட்டது. ஹூட் மலை இருக்கும் கேஸ்கேட் மலைத்தொடரில் பனி விழுவதே உறைநிலையை ஒட்டித்தான். ஒன்றிரண்டு டிகிரி ஏறினால், 4,000 அடியிலுள்ள கவர்ன்மென்ட் கேம்பில் மழை, 6,000 அடியிலுள்ள டிம்பர்லைனில் பனி என்று ஒரே மேகம் இரண்டு வேலை பார்க்கும். அந்த வருடம் தாழ்வான ஸ்கீ சரிவுகள் பெரும்பாலான நாட்கள் மூடியே கிடந்தன. கோடையில் கொலம்பியா ஆறும் கிளை ஆறுகளும் சூடேறி, சுமார் இரண்டரை லட்சம் சாக்கி சால்மன் மீன்கள் செத்தன. ஸ்கீ போக முடியவில்லையே என்று ஜனவரியில் புலம்பியவர்களில் எத்தனை பேர் ஜூலையில் செத்த மீனையும் அந்தப் பனியையும் சேர்த்து யோசித்தார்கள் என்று தெரியவில்லை.

இடையில் ஒன்று. போர்ட்லண்ட் குடிப்பது ஹூட் மலைப் பனியைத்தான் என்று இங்கே பாதிப் பேர் நம்புகிறார்கள், வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்லவும் செய்கிறார்கள். இல்லை. நகரத்துக்குத் தண்ணீர் தரும் புல் ரன் படுகைக்கும் மலைச்சரிவுக்கும் நடுவே ஒரு மலைமுகடு நிற்கிறது. அங்கே தேங்குவது பெரும்பாலும் மழைநீர்.

சாண்டி ஆற்றின் கதை வேறு. அது மலையின் மேற்குச் சரிவில், பனியாற்றின் அடியிலேயே பிறக்கிறது. 1805-இல் மேற்குக் கரைக்கு வழி தேடி வந்த லூயிஸும் கிளார்க்கும் கொலம்பியா ஆற்றின் வழியாக வந்தபோது, சாண்டி அதில் கலக்கும் முகத்துவாரத்தில் கால் வைத்தால் புதைகிற மணலைப் பார்த்துப் 'புதைமணல் ஆறு' என்று பெயர் வைத்தார்கள். அதற்குச் சில வருடங்கள் முன்புதான் ஹூட் மலை எரிமலையாக வெடித்து, சாம்பலும் மண்ணும் ஆற்றோடு இறங்கியிருந்தன. அந்த மண் இன்னும் தீரவில்லை. ரமோனா அருவிக்கு நடக்கும் வழியில் சாண்டியைக் கடக்க வேண்டிய இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்று கேளுங்கள். சாம்பல் நிறத் தண்ணீர், அடி தெரியாது, உள்ளே கற்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதுகிற 'டொக் டொக்' சத்தம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். முன்பு கோடைக்கு மட்டும் அங்கே ஒரு பாலம் போடுவார்கள். 2014 ஆகஸ்டில் மேலே பெய்த மழையில் ஆறு திடீரென்று பெருகி அதை அடித்துக்கொண்டு போனது, அதில் ஒருவர் இறந்தார். அதன் பிறகு பாலம் போடவில்லை. மழையே இல்லாத நாளிலும் வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் தண்ணீர் கூடும். காலை ஒன்பது மணிக்கு முழங்காலளவு இருந்த இடம் மூன்று மணிக்கு அப்படியே இருக்கும் என்று நம்பித் திரும்பி வரக்கூடாது.

எனக்கு உண்மையில் கோபம் வருவது மே கடைசியில்தான். முதல் முறை 30 டிகிரியைத் தாண்டியதும் எல்லோரும் ட்ரவுட்டேலில் சாண்டி ஆற்றங்கரையில் இருக்கும் க்ளென் ஓட்டோ பூங்காவுக்குக் கிளம்பிவிடுகிறோம். பிரியாணி, பாய், குழந்தைகள், எல்லாம் சரி. நமக்கு வெயில் சுட்டால் ஆறு இதமாக இருக்கும் என்று ஒரு பழக்கம், தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். இங்கே கணக்கு தலைகீழ். வெயில் கூடினால் பனி வேகமாக உருகும், ஆற்றில் குளிர்ந்த தண்ணீர் இன்னும் அதிகமாக வரும். அதில் குதித்ததும் நம்மை அறியாமலே மூச்சு இழுக்கும், வாய் தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது. அதில் தப்பினாலும் சில நிமிடங்களில் கை கால் சொன்னபடி கேட்காது. இதற்கும் நீச்சல் தெரிவதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் பூங்காவில் வருடக்கணக்காக ஆட்கள் மூழ்கியிருக்கிறார்கள், கோடையில் உயிர்காப்பாளர்களை நிறுத்தத் தொடங்கியதே அதனால்தான். "நான் கிணத்துலயே குதிச்சவன்" என்று சொல்கிற அண்ணன்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன்: அந்தக் கிணறு ஓடிச்சா?

பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம், ஆற்றுக்குப் போகாதே என்று சொல்லவும் வரவில்லை. பனிச் சறுக்கலுக்காக வொயிட் ரிவர் பார்க்கிங்கில் இடம் பிடிக்க விடியற்காலையில் எழுகிற நமக்கு, மே மாதத்தில் அந்தப் பனி அளக்கும் நிலையத்தின் எண்ணையும் ஆற்று நீரோட்ட அளவையும் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாதா? பனி இன்னும் கனமாகக் கிடக்கிறது, அந்த வாரம் முழுக்க வெயில் என்றால் சாண்டியை விட்டுவிட்டு டிரில்லியம் ஏரிக்குப் போகலாம். அதுவும் குளிர்தான், ஆனால் இழுத்துக்கொண்டு போகாது. குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட் மட்டும் மறக்காதீர்கள், காற்றடைத்த வாத்து பொம்மை அந்தக் கணக்கில் வராது.