ஜிகந்தியாவை விட்டுவிட்டீர்களே!

மத்தியதரைக் கடல் தீவு நாடான மால்டாவின் கடலழகைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை அருமை. ஆனால் அந்நாட்டின் கோசோ தீவிலுள்ள ஜிகந்தியா கோயில்களை ஒரே வரியில் கடந்தது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. கி.மு. 3600 வாக்கில், உலோகக் கருவியே இல்லாதவர்கள் எழுப்பியவை அவை. எகிப்தின் பிரமிடுகளைவிட மூத்தவை. சில கற்கள் 5 மீட்டருக்கும் மேல் நீளம். பீன்ஸும் தேனும் தின்று வாழ்ந்த ஓர் அரக்கி, தோளில் குழந்தையோடு கட்டினாள் என்பது ஊர்க்கதை. அந்தக் கற்களைப் பார்த்தால் கதை ஏன் பிறந்தது என்று புரியும்!

அப்புறம், கட்டுரையோடு வந்த படத்திலுள்ள கோசோவின் 'நீல ஜன்னல்' பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலில் விழுந்துவிட்டது. தயவுசெய்து குறிப்பிடுங்கள். மால்டாவிலுள்ள இன்னொரு பழங்கால இடமான ஹால் சஃப்லியேனி நிலத்தடிக் கல்லறைக்கு நாளொன்றுக்கு 80 பேருக்குத்தான் அனுமதி. போகிறவர்கள் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள்.