அந்தரத்துல தொங்கற வண்டிக்கு புஷ் போல்ட்டை முறுக்காதீங்க சாமி!

கூலி ஜாஸ்தின்னு இங்க யாரும் சண்டைக்கு வரலைங்க. காரோட முன் சக்கரத்தைக் கீழ்ப்பக்கமா பாடியோட சேர்க்கற கைதான் லோயர் ஆர்ம்; அது பாடியோட சேர்ற எடத்துல முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணுன்னு இருக்கற ரப்பர் துண்டுதான் புஷ். அதை மாத்தறது நேரம் பிடிக்கிற வேலை, அதுக்கு உண்டான காசை மெக்கானிக்குங்க வாங்கட்டும். வயிறு எரியறது எதுக்குன்னா, நாலு மணி நேரக் கூலியை வாங்கிட்டு ஒன்றரை மணி நேரத்துல சம்மட்டியில அடிச்சு முடிச்சுத் தாட்டி உடறாங்களே, அதுக்குத்தான். ஆறே மாசம். ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்குனா மறுபடியும் அதே லொடக் லொடக். போய்க் கேட்டா "நம்மூரு ரோடு அப்படிங்ணா"ங்கறாங்க.

ரோடு மோசம்தானுங்க, இல்லைங்கல. பைப்பு பதிக்கத் தோண்டி, மண்ணைத் தள்ளி மூடிட்டுப் போன குழியிலதான் தெனமும் எறங்கி ஏறுறோம். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, திம்பத்துக்கு 27. ஒவ்வொண்ணுலயும் பிரேக்கும் திருப்பலும் ஒண்ணா விழறப்ப, ஆர்மோட பின் புஷ்தான் அந்த இழுவையை வாங்குது. ஆனா கம்பெனியில இருந்து வந்த புஷ்ஷும் இதே ரோட்டுலதானே ஓடுச்சு? அது 60,000, 70,000 கிலோமீட்டர் தாங்குச்சு, நீங்க மாட்டுனது மட்டும் 8,000-த்துல கிழியுதுன்னா அதுக்கு ரோடா காரணம்?

காரணம் கடைசி அஞ்சு நிமிஷத்துல இருக்குது. புஷ்னா வெளிய ஒரு இரும்புக் கூடு, உள்ள ஒரு குழாய், ரெண்டுக்கும் நடுவுல ஒட்டிப் பிடிச்ச ரப்பர். பேரிங் மாதிரி அது சுத்தாதுங்க. போல்ட்டை முறுக்குனதும் உள் குழாய் அப்படியே பிராக்கெட்டுல பிடிச்சுக்கும்; ஆர்ம் மேலயும் கீழயும் ஆடறப்ப ரப்பர்தான் முறுக்கி வளைஞ்சு கொடுக்கும். வண்டியை ரேம்ப்ல தூக்கி, சக்கரம் கீழ தொங்கறப்பவே போல்ட்டை இறுக்கிட்டா, அந்தத் தொங்கற நிலைமைதான் ரப்பருக்கு நடு நிலைமை. வண்டியைத் தரையில எறக்குன நொடியே, ஒரு குழியில கூட உழாம, ரப்பர் பாதி முறுக்குல நிக்குது. அதுக்கு மேல ஆளு, சாமான், குழி. எத்தனை நாளைக்குத் தாங்கும்?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வண்டியைத் தூக்கறதுக்கு முன்னாடியே சக்கர நடுவுல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் வெச்சு அளந்து சாக்பீஸ்ல குறிச்சுக்கோணும். மாட்டறப்ப போல்ட்டையெல்லாம் கையிறுக்கமா மட்டும் விட்டுட்டு, ஆர்மோட வெளி நுனியில சக்கரத்தைப் பிடிக்கற பால் ஜாயிண்டுக்குக் கீழ ஜாக்கி கொடுத்து, அந்த அளவு திரும்ப வர்ற வரைக்கும் ஆர்மைத் தூக்கி, அப்புறம் முறுக்கற இறுக்கத்தை அளந்து காட்டற டார்க் ரெஞ்ச்ல அந்த வண்டிக்கு உண்டான அளவு இறுக்கோணும். குழி வெட்டுன பிட் இருந்தா இன்னும் சுலபம், வண்டி தன் கால்ல நிக்கறப்பவே கீழ எறங்கி இறுக்கிரலாம். ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து பத்து நிமிஷம் ஜாஸ்தியாகும். அந்தப் பத்து நிமிஷத்தை மிச்சம் பண்ணப் போய் அடுத்தவன் காசையும் நாளையும் பாழாக்கறாங்க.

அடுத்தது சம்மட்டி. இதைப் பார்த்தாத்தானுங்க நெசமாவே ஆத்திரம் வருது. நம்ம கோயமுத்தூர்ல கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் லேத்துப் பட்டறைக்கா பஞ்சம்? மோட்டார் பம்ப்புக்கு நூல் புடிச்ச மாதிரி கடைசல் புடிக்கிற ஊரு. ஹைட்ராலிக் ப்ரெஸ் இருக்கற பட்டறைக்கு ரெண்டு ஆர்மையும் கொண்டு போனா ஒரு மணி நேரத்துல நாலு புஷ்ஷையும் எடுத்துப் போட்டுத் தந்துருவாங்க. அதை உட்டுட்டு, பழைய புஷ்ஷை கேஸ் வெச்சு எரிச்சு, கூட்டை உளியால பொளந்து, புதுசை வைஸ்ல வெச்சு அடிச்சு ஏத்தறாங்க. அடி கோணலா விழுந்தா ஆர்மோட ஓட்டை முட்டை வடிவமாயிரும். தகடு ஆர்மா இருந்தா வாயே விரிஞ்சிரும். அதுக்கப்புறம் எந்த புஷ் போட்டாலும் உள்ள நகரும், சத்தம் போடும். வழுக்கிட்டுப் போகட்டும்னு கிரீஸ் வேற தடவறாங்க. கிரீஸ் பட்டா ரப்பர் ஊதிப் போயிருமுங்க. சோப்புத் தண்ணி போதும்.

பின் புஷ்ஷுல ரப்பருக்கு நடுவுல வேணும்னே காலியிடம் விட்டிருப்பாங்க, திசைக்கு அடையாளமும் இருக்கும். பழசு எந்தத் திசையில இருந்துச்சுன்னு ஆர்ம் மேல ஒரு கோடு போடாம கழட்டிட்டு, புதுசைக் கைக்கு வந்த பக்கம் திருப்பி ஏத்துனா, பிரேக் போடறப்ப வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதுக்கு சக்கரக் கோணம் சரி பண்ற அலைன்மெண்டை மூணு தடவை பார்த்தாலும் தீராது.

இப்ப நேரக் கணக்குக்கு வாங்க. முன் சக்கரத்துக்கு ஒரே ஒரு லோயர் ஆர்ம் இருக்கற சாதாரண சின்ன வண்டி. சக்கரம், பால் ஜாயிண்ட் போல்ட், ஆர்ம் போல்ட் ரெண்டு கழட்ட ஒரு பக்கத்துக்கு அரை மணி. ப்ரெஸ் வேலை அரை மணி. திரும்ப மாட்ட அரை மணி. ரெண்டு பக்கமும் சேர்த்து மூணு மணி, அலைன்மெண்ட் அரை மணி. துருப்புடிச்ச போல்ட் உள் குழாயோட ஒட்டிக்கிட்டா அறுத்துத்தான் எடுக்கோணும், அதுக்கு ஒரு மணி நேரம் ஜாஸ்தி கேட்டா நியாயம். சில வண்டியில எஞ்சின் மவுண்டைக் கழட்டிக் கொஞ்சம் எறக்குனாத்தான் போல்ட்டே வெளிய வரும், அதுவும் நியாயம். பின் ஆக்சில் புஷ் தனிக் கதை. அதுக்குன்னு இழுக்கற டூல் இல்லாதவங்க அதைத் தொடவே கூடாது.

ஆனா பில்லைப் பாருங்க. புஷ் மாத்தக் கூலி ஒரு வரி. பால் ஜாயிண்ட் மாத்தக் கூலி இன்னொரு வரி. ஆர்ம் கழட்டி மாட்ட மூணாவது வரி. அட, ஆர்மைக் கழட்டாம புஷ்ஷை எங்கிருந்து எடுப்பீங்க? பால் ஜாயிண்டைப் பிரிக்காம ஆர்ம் எப்படிக் கைக்கு வரும்? ஒருக்கா கழட்டுன வேலைக்கு மூணு கூலி, அந்த மூணுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இது திருட்டுங்க, வேற பேரு இல்லை.

இன்னொண்ணு, "தனி புஷ் வர்றதில்லைங்ணா, முழு ஆர்ம்தான்"னு சொல்லிப் புது ஆர்ம் போடறது. சில வண்டிக்கு அது உண்மைதான். பால் ஜாயிண்டும் ஆட்டம் கண்டிருந்தா முழு ஆர்ம் போடறதுதான் புத்திசாலித்தனம், நானே அதைத்தான் சொல்லுவேன். ஆனா முழு ஆர்ம் போட்டா ப்ரெஸ் வேலையே கிடையாதே! மூணு மணி நேர வேலை ரெண்டா கொறையோணுமே! சாமான் விலை மட்டும் சில நூறுல இருந்து சில ஆயிரத்துக்கு ஏறுது, கூலி ஒரு ரூபா எறங்க மாட்டேங்குது.

வண்டிக்காரங்களும் கேட்டுக்கோங்க. காலைல விட்டு "பன்னெண்டு மணிக்கு ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்துக்குப் போகோணும்"னு நெருக்குனா சம்மட்டிதான் வெளிய வரும். வெலை கம்மின்னு பேரில்லாத புஷ்ஷை வாங்கிட்டுப் போய்க் கொடுத்துட்டு மெக்கானிக்கைத் திட்டவும் கூடாது.

சத்தம் வந்தாலே புஷ்தான்னும் முடிவு கட்டாதீங்க. வண்டி சாயாம பிடிக்கற கம்பியைச் சக்கரப் பக்கத்தோட சேர்க்கற லிங்க் ராடு போனாலும் கிட்டத்தட்ட இதே சத்தம்தான், அதை மாத்த ரெண்டு நட்டு, கால் மணி நேரம். பின் புஷ் போச்சான்னு பார்க்க ஒரு வழி இருக்குது. நம்பிக்கையான ஒருத்தரை ஸ்டீரிங்ல உக்கார வெச்சு, ஆள் நடமாட்டமில்லாத சமதளத்துல மெதுவா முன்னாடி நகர்த்தி பிரேக், ரிவர்ஸ்ல நகர்த்தி பிரேக்னு போடச் சொல்லிட்டு, நீங்க பக்கவாட்டுல தள்ளி நின்னு கேளுங்க. திசை மாறும்போதெல்லாம் "டொக்"னு ஒரு அடி விழுந்தா சந்தேகம் சரிதான். அப்புறம் ரேம்ப்ல தூக்கி லிவர் கொடுத்து நெம்பிப் பார்த்தா, உள் குழாய் ரப்பரை விட்டுத் தனியா நகர்றது கண்ணுக்கே தெரியும். ரப்பர் மேல லேசா வெடிப்பு இருக்கறதைக் காட்டி மாத்தச் சொன்னா ஒத்துக்காதீங்க.

வண்டியைத் திரும்ப எடுக்கறப்ப கழட்டுன நாலு புஷ்ஷையும் கேட்டு வாங்குங்க. காசு கொடுக்கறதுக்கு முன்னாடி ஸ்டீரிங்கை ஒரு பக்கம் முழுசா ஒடிச்சு, சக்கரத்துக்குப் பின்னாடி போன் டார்ச் அடிச்சுப் பாருங்க. வண்டி தரையில நிக்கறப்பவே ரப்பர் ஒரு பக்கமா முறுக்கி இழுத்துக்கிட்டு நின்னாலோ, புதுக் கூட்டோட விளிம்புல சம்மட்டித் தழும்பு இருந்தாலோ, சாவியை அவங்க கையிலயே திருப்பிக் கொடுத்து, போல்ட்டைத் தளர்த்தி மறுபடியும் செய்யச் சொல்லுங்க.